ஏரிமண் தொட்டிகள்

செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்யாண வீடுகள் சிலவற்றில் பாலிகை தெளிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வாய் அகன்று, நடுவில் சிறுத்து, அடியில் மறுபடி விரியும் சின்ன மண்கிண்ணங்களை வரிசையாக வைப்பார்கள். உள்ளே அறுகம்புல்லும் வில்வ இலையும் போட்டு, அதன்மேல் மண்ணும் பொடித்த எருவும் நிரப்பி, பாலில் ஊறிய நவதானியத்தைச் சுமங்கலிகள் தூவுவார்கள். கோயில்களில் பெரிய திருவிழாவுக்குக் கொடியேற்றும் முன் நடக்கும் அங்குரார்ப்பணமும் இதே காரியம்தான். முறையாக மண் எடுத்து வந்து பாலிகையில் விதை இட்ட பிறகே கொடியேறும். தெற்கே போனால் அம்மன் திருவிழாவில் பெண்கள் தலையில் முளைப்பாரி அசைந்து வருகிறது.

பாலிகையைப் பழக்கிவிட்டவர் யாராக இருந்தாலும் செடியை நன்றாக அறிந்தவர். சில நாள் மட்டும் வளர்ந்து நிற்கப்போகிற முளைக்கு ஆழம் வேண்டாம், அகலம் போதும். ஈரம் தங்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. அடியில் போட்ட புல்லும் இலையும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இன்று நர்சரிக்காரர்கள் தொட்டியின் ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு வைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சடங்கு முடிந்ததும் முளையை ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுவதால் கிண்ணம் நெடுநாள் உழைக்க வேண்டியதும் இல்லை. செடியின் ஆயுளும் வேரின் அளவும் சேர்ந்து பாத்திரத்தின் வடிவத்தை முடிவு செய்திருக்கின்றன. கையால் தொட்டி செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து என்னை நடத்தி வருவது இந்த எண்ணம்தான். வேரைப் பார்த்த பிறகே மண்ணைத் தொட வேண்டும்.

நான் வளர்ந்தது கருங்குழியில். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, மாமண்டூர், படாளம் என்று வரும் ஊர்களுக்குப் பிறகு, மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலத்தில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. வரலாறு படிக்கிறவர்கள் அதற்காக ஊர்ப்பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு இது ஏரிகளின் ஊர். எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஏரிக்கரையில் போய்த்தான் நிற்க வேண்டும். ஏரி இருக்கிற இடத்தில் வண்டல் இருக்கும், வண்டலுக்கு அடியில் களிமண் இருக்கும். களிமண்ணை முதன்முதலில் நான் தொட்டது என் அம்மாவைப் பெற்ற ஆயாவோடு.

ஆயா பானை செய்கிற வீட்டில் பிறந்தவர் இல்லை. விவசாயக் குடும்பம். ஆனால் வீட்டுக்கு வேண்டிய அடுப்பையும் நெல் கொட்டி வைக்கும் குதிரையும் அவரே செய்துகொள்வார். குதிர் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும், சுடாத மண்ணால் ஆன பெரிய கலன் அது. மேலே நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் இருக்கும் துளையை அடைத்த வைக்கோல் புரியை உருவினால் வேண்டிய அளவு நெல் கீழே சரியும்.

அறுவடை முடிந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் ஆயா வேலையை ஆரம்பிப்பார். களிமண்ணை உடைத்து ஊறவைத்து, வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, உமியும் சேர்த்து மிதிக்கச் சொல்வார். மிதிக்கிற வேலை பிள்ளைகளுடையது. கணுக்கால் வரை மண் ஏறும். எங்கே கட்டி நிற்கிறது, எங்கே மண் இளகிவிட்டது என்று பாதத்துக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் மண்ணின் பதத்தை நான் கையைவிடக் காலால்தான் நம்பிக்கையாகச் சொல்வேன். பிறகு அடித்தட்டைச் செங்கற்கள்மேல் அமைத்து, உருட்டிய மண்ணை விளிம்பில் வளையமாகச் சுற்றி, உள்ளிருந்து ஒரு கை, வெளியிலிருந்து ஒரு கை என்று அழுத்தி எழுப்புவார். ஒரு சாண் உயர்ந்ததும் நிறுத்திவிடுவார். எனக்கோ மாலைக்குள் முழுக் குதிரையும் பார்த்துவிட வேண்டும்.

“அவசரப்படாத கண்ணு. கீழ் வளையம் காஞ்சு நின்னாத்தான் மேல் வளையத்தத் தாங்கும்.”

மறுநாள் காலையில் விளிம்பை விரலால் கீறி, தண்ணீர் தொட்டு, குழைத்த மண்ணைத் தடவி அடுத்த வளையத்தை ஏற்றுவார். குயவர் வீட்டிலும் நகரத்துப் பீங்கான் பட்டறைகளிலும் பின்னாளில் நான் பார்த்த ஒட்டும் முறைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமையும் இல்லை. கீறு, குழம்பு தடவு, அழுத்து. உலகம் முழுக்கச் சக்கரம் இல்லாமல் பாத்திரம் எழுப்புகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

குதிர் காய்ந்ததும் சாணம் கரைத்துப் பூசுவார். சிமென்ட் தொட்டியோ தகரப் பீப்பாயோ வாங்கிவிடலாமே என்று மாமா ஒருமுறை கேட்டபோது ஆயா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “வெத நெல்லு உசுரோட கெடக்குது. அதுக்கு மூச்சு முட்டுனா நாளைக்கி மொளைக்குமா?” உயிருள்ள ஒன்றை வைக்கும் பாத்திரம் மூச்சு விட வேண்டும். மண்பாத்திரத்தைப் பற்றி இதைவிட முக்கியமான ஒன்றை எந்தப் பட்டறையிலும் நான் கற்கவில்லை.

சக்கரத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் குயவர் வீடுகளில் சக்கரத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. மண்ணைச் சலிப்பதும் மிதிப்பதும், காய வைத்துத் திருப்புவதும், காவி பூசுவதும், தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பதும் பெண்கள் பாடு. சக்கரம் தொடாத பெண்கள் கையால் செய்தவை அடுப்பும் குதிரும் அகலும் பொம்மையும். கையால் எழுப்பும் பாத்திரத்தை ஏதோ சக்கரம் சுற்றத் தெரியாதவர்களுடைய அரைகுறை வேலை என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது தனக்கென்று அறிவும் பொறுமையும் உள்ள தொழில். பெண்கள் கையிலேயே பெரும்பாலும் இருந்ததால் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை.

கை வேலையின் பழமைக்கு எங்கள் வட்டாரமே சாட்சி. மதுராந்தகம் பக்கத்தில் சாணூர் என்ற ஊரில் 1950இலும் 1952இலும் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பெருங்கற்காலத்து ஈமக்குழிகளில் கறுப்பு சிவப்புப் பானைகளோடு சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தகைய பேழையை எடுத்திருக்கிறார். நீண்ட தொட்டி போன்ற உடல், அதன் அடியில் இரண்டு வரிசையாகக் குட்டையான கால்கள். எந்தச் சக்கரத்திலும் இதை வனைய முடியாது. யாரோ சிலர் மண்ணைத் தட்டி, சுவர் எழுப்பி, ஒவ்வொரு காலாக ஒட்டிக் காயவைத்துச் சுட்டிருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கால் வைத்த பேழை ஒன்றின்முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். இறந்தவருக்காகச் செய்த பாத்திரம் என்றாலும் என் கண் அந்தக் கால்களிலேயே இருந்தது. அத்தனை கனத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகின்றன அவை.

ஊருக்குத் திரும்பியதும் என் தொட்டிகளுக்குக் கால் வைக்க ஆரம்பித்தேன். தரையோடு தரையாக உட்காரும் தொட்டியில் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும். அடை மழைக் காலத்தில் நீர் வடியாமல் வேர் அழுகும். அந்த ஓட்டை வழியாக மண்புழுவும் எறும்பும் ஏறும், மாடித்தரையில் பாசி பிடிக்கும். இரண்டு விரற்கடை உயரத்தில் கால் வைத்தால் போதும், அடியில் காற்று ஓடும். இப்போது யாராவது என் தொட்டியின் கால்களைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றால் சாணூர்க்காரர்களை நினைத்துக்கொள்கிறேன்.

மண் எடுப்பது ஒரு காலத்தில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஏரி வற்றினால் வண்டி கட்டிக்கொண்டு போய் அள்ளி வருவார்கள். வயலுக்கு வண்டல் எருவாகும், வீட்டுக்குக் களிமண் சுவராகும், ஏரியும் ஆழப்படும். பிறகு கனிமச் சட்டமும் மணல் கொள்ளையும் நடுவில் வந்து, ஒரு கூடை மண்ணுக்காகக் குயவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2017இல் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி, குளங்களில் கட்டணமின்றி மண் எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. 2024இல் வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி பெறலாம் என்று ஆனது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு இது பெரிய விஷயம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காயவைக்கவோ சூளை போடவோ முடியாமல் சும்மா உட்காரும் குடும்பங்களுக்கு அரசு தருகிற மழைக்கால உதவித்தொகையைவிட, வெயில் காலத்தில் தடையில்லாமல் கிடைக்கிற நல்ல மண் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

எல்லா ஏரிமண்ணும் ஒன்றல்ல. மேலே படியும் வண்டலில் மட்கியதும் மணலும் கலந்திருக்கும். அது செடிக்கு உணவு, பானைக்கு ஆகாது. அதற்குக் கீழே, மண்வெட்டி வெட்டிய இடம் பளபளக்கும் சாம்பல் நிறக் களிதான் வேண்டியது. அது மட்டும் இருந்தால் காயும்போது பிளக்கும், மணல் சேர்க்க வேண்டும். ஒரே பள்ளத்தின் மேல்மண்ணைத் தொட்டிக்குள் நிரப்பவும் கீழ்மண்ணைத் தொட்டியாக்கவும் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. வேடந்தாங்கல் ஏரியை மட்டும் யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது. 1798இலேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த ஊர்க்காரர்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறார். பறவை எச்சம் கரைந்த அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்குத் தனி உரம் வேண்டாம் என்று விவசாயிகள் சொல்வார்கள். உறவினர் வயல் ஒன்று அந்தப் பாசனத்தில் இருக்கிறது. அங்கே கிளம்பும் கன்றுகளின் இலைப்பச்சையே வேறாக இருக்கும்.

குதிர் சுடாத மண். மழையில் நிற்கும் தொட்டிக்கு அது போதாது. சுடக் கற்றுக்கொள்ள மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்த குயவர் தாத்தா வீட்டுக்குப் போனேன். பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் செய்கிறவர். சக்கரத்தில் தடித்த சுவரோடு கழுத்தும் உடலும் இழுத்து, அடி திறந்தபடியே அறுத்தெடுத்து, சற்று இறுகியதும் உள்ளே வழவழப்பான கல்லைப் பிடித்து வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து பானை பெருக்கும். அந்த ஓசையை வைத்தே எந்த இடத்தில் கனம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்.

என் தொட்டிகளைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. கையில் எடுத்துச் சுவரின் கனம் பார்த்தார். பிறகு தொட்டியைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தார்.

“சில்லுன்னு இருக்குது பாப்பா. உள்ள இன்னும் தண்ணி நிக்குது. இத இப்ப சூளையில வச்சா வெடிச்சுப் பக்கத்துப் பானையையும் இட்டுக்கிட்டுப் போயிடும்.”

தட்டிய பானையின் சுவர் மெல்லியது, சீக்கிரம் காயும். கையால் எழுப்பியது தடிமன், வெளியே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். நிழலில் ஒரு வாரம், பிறகு இளவெயில், பிறகு நல்ல வெயில் என்று அவர் வரிசை சொன்னார். காய்ந்து சுட்டு எடுக்கும்போது தொட்டி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். செடியின் வேர்ப்பந்தை அளந்து தொட்டி செய்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

சூளை நாள் முழுக்க அவர் வேறு பேச்சுப் பேச மாட்டார். தரையில் வறட்டி, அதன்மேல் பெரிய பானைகள், இடுக்குகளில் சின்னவை, சுற்றிலும் தென்னை மட்டையும் விறகும், மேலே வைக்கோல், அதன்மேல் குழைத்த சேறு, காற்றுப் போக அங்கங்கே துளை. முதலில் வெறும் புகைதான் காட்டுவார். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அறுநூறு பாகை செல்சியசை ஒட்டித்தான் மண் திரும்ப முடியாதபடி மாறுகிறது, அதற்குப் பிறகு தண்ணீரில் போட்டாலும் கரையாது. மணலில் இருக்கும் படிகம் 573 பாகையில் திடீரென்று பருமன் கூடுவதால் அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல் விழும். தாத்தாவிடம் வெப்பமானி கிடையாது. துளை வழியாக உள்ளே தெரியும் நிறத்தைப் பார்த்து விறகைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்வார். மங்கிய சிவப்பு ஆரஞ்சாக மாறும் வேளையில் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது.

ஆயாவின் குதிர்மண்ணில் இருந்த உமியை நான் தொட்டிமண்ணிலும் கலந்திருந்தேன். தாத்தா சமையல் பானைக்கு அதைப் போட மாட்டார். சூளையில் உமி எரிந்து போனதும் அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய வெற்றிடமாகிவிடும். சட்டிக்கு அது குறை, குழம்பு கசியும். பூந்தொட்டிக்கு அதுதான் உயிர். அந்த வெற்றிடங்கள் வழியே ஈரம் சுவரின் வெளிப்பக்கம் வந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் மண் குளிர்கிறது. கத்திரி வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் வேர் என்ன பாடுபடும் என்று தெரியும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. மண்தொட்டியில் அந்த உப்பில் ஒரு பகுதி சுவர் வழியே வெளியேறி வெள்ளையாகப் பூக்கும். பலர் அதை அழுக்கு என்று நினைத்துச் சாயம் அடித்துவிடுகிறார்கள். சாயம் அடித்த அன்றே தொட்டியின் மூச்சு நின்றுவிடுகிறது. அந்த வெள்ளையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் போதும்.

பாண்டிச்சேரியில் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பாத்திரங்களைப் பார்த்தபோது மனம் தடுமாறியது உண்மை. 1200 பாகைக்கு மேல் சுட்டு, மெருகு உருகி ஓடி உறைந்த கற்களிமண். கிண்ணத்தின் உட்புறத்தில் கடலின் பச்சை. அங்கே பயின்று வெளியே வந்தவர்களால்தான் இந்த நாட்டில் பட்டறைப் பீங்கான் இவ்வளவு வளர்ந்தது. சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி. செடிக்கு எது சரி என்று வரும்போது நான் வேறு பக்கம் போகிறேன்.

போன்சாய் வளர்க்கிறவர்கள் ஜப்பானின் டோகோனாமே தொட்டிகளைச் சொல்வார்கள். அவை உயர் வெப்பத்தில் சுட்டு இறுகியவை. அந்த ஊர்க் குளிரில் நுண்துளையுள்ள தொட்டிக்குள் ஏறிய நீர் உறைந்து பெருத்துச் சுவரைப் பிளந்துவிடும் என்பதால் அந்த இறுக்கம் அவர்களுக்குத் தேவை. பைன் போன்ற மரங்களுக்கு மெருகில்லாத பழுப்புத் தொட்டி, பூக்கிற காய்க்கிற மரங்களுக்கு மெருகிட்ட தொட்டி என்று நிறப்பொருத்தமும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருத்தம் பார்க்கும் கண்ணை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். உறைபனி என்பதையே அறியாத கருங்குழிக்கு அவர்கள் தொட்டியின் இறுக்கம் எதற்கு? இங்கே எதிரி வெயில். இந்த வெயிலுக்கு, குறைந்த சூட்டில் வெந்த நம் ஏரிமண் போதும்.

செடிகளுக்கு வருகிறேன். மலைவையாவூர்ப் பக்கத்துப் பாறை இடுக்குகளில் கள்ளிமுளையான் வளரும். இலை கிடையாது, நான்கு பட்டையுள்ள சதைத்தண்டு, நுனியில் சின்னச் சின்னப் பூக்கள். ஆடு மேய்க்கிறவர்கள் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள். அதன் வேர் மேலோட்டமானது. ஆழத் தொட்டியில் வைத்தால் அடியில் நிற்கும் ஈரமே அதைக் கொன்றுவிடும். அதற்காக நான் செய்வது நான்கு விரல் ஆழம்கூட இல்லாத அகன்ற தட்டு. மண்ணைக் கோணிமேல் தட்டையாகத் தட்டி, விளிம்பை மட்டும் கையால் கிள்ளி உயர்த்துவேன். கோணியின் நெசவுத்தடம் அடியில் அப்படியே பதிந்திருக்கும், அதை நான் அழிப்பதில்லை. உள்ளே பாதிக்கு மேல் பருமணலும் உடைந்த செங்கல்லும். வட்டமாக இல்லாமல், பாறை உடைந்த மாதிரி ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கும்போதுதான் அந்தச் செடி தன் இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது.

ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் நிற்கும் பிராய் மரத்தைச் சிலர் களை என்று வெட்டிவிடுகிறார்கள். உப்புத்தாள் போல் சொரசொரக்கும் இலை. ஆடுகள் கடித்துக் கடித்தே அதைக் குட்டையாகவும் அடர்த்தியாகவும் ஆக்கிவிடும், முதிர்ந்த மரத்தின் தோரணை இடுப்பளவு உயரத்தில் வந்துவிடும். போன்சாய்க்காரர்கள் கம்பி சுற்றிச் செய்வதை எங்கள் ஊர் வெள்ளாடுகள் செய்து வைத்திருக்கின்றன. கரையை அகலப்படுத்த ஜேசிபி வருகிறது என்று தெரிந்தால் நான் முதலில் ஓடுவது பிராய் இருக்கும் இடத்துக்குத்தான். கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் வேரைக் கல்லோடு எடுத்து, அந்தக் கல்லின் அளவுக்கே தொட்டி எழுப்ப வேண்டும். ஆழம் கொஞ்சம், நீளம் அதிகம், கால்கள் நான்கு. சக்கரம் இருந்திருந்தால் எனக்கு வட்டம் மட்டுமே கிடைத்திருக்கும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த பிறகு விழுந்த மாமரம் ஒன்றின் கிளையில் வாண்டா ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டு ஆர்க்கிடை மரத்திலிருந்து பிய்த்து எடுப்பது பாவம் என்பேன். இது விறகுக்குப் போக இருந்த கிளை. அதன் வேர்கள் மண்ணுக்குள் போவதே இல்லை, காற்றில் தொங்கி ஈரத்தை உறிஞ்சுகின்றன. அதற்கு எப்படித் தொட்டி செய்வது? சுவரை எழுப்பிவிட்டு, பதம் இறுகும் வேளையில் கத்தியால் சன்னல் சன்னலாக வெட்டினேன். வெட்ட வெட்டச் சுவர் தளர்ந்து உட்கார்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆயாவின் வளைய முறைதான் காப்பாற்றியது. ஒரு வரிசை சன்னல் வெட்டி, காயவிட்டு, அடுத்த வளையம். உள்ளே கரித்துண்டும் செங்கல் சில்லும் மட்டும். மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட பூக்கள் விரியும் கோடைக் காலங்களில் தாழ்வாரத்தில் மணம் நிற்கும். வேர்கள் சன்னல் வழியே வெளியே வந்து சுடுமண் சுவரையே பற்றிக்கொண்டன. இனி தொட்டியை உடைக்காமல் செடியைப் பிரிக்க முடியாது, பிரிக்கும் எண்ணமும் இல்லை.

எங்கள் பழைய கிணற்றின் செங்கல் இடுக்கில் பெரணி தொங்கும். கறுத்து மினுங்கும் காம்பு, மெல்லிய விசிறி இலை. அதை வீட்டுக்குள் கொண்டுவர எல்லோரும் ஆசைப்படுவார்கள், கோடை வந்ததும் கருகிவிடும். கிணற்றுச் சுவரில் அதற்கு எது கிடைக்கிறது என்று யோசித்தேன். எப்போதும் கசியும் ஈரம், தேங்காத நீர், நிழல். மா, தென்னங்கன்றுகளின் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய பானையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வழி. துளையும் திரியும் இல்லாமல் பானைச் சுவரே பாசனம் செய்யும் முறையைச் சீனத்தில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வேளாண் நூலே எழுதி வைத்திருக்கிறது. அதையே தலைகீழாகச் செய்து பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சுவர். உள்ளே நீர், நடு இடைவெளியில் மண்ணும் செங்கல்பொடியும், வெளிச்சுவரில் சிறு சிறு பொந்துகள். உள்நீர் குறையக் குறைய ஊற்றினால் போதும். பெரணி பொந்துகளிலிருந்து இறங்கியது. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு யாரும் நடாத பாசியும் வெளிச்சுவரில் பிடித்துக்கொண்டது. ஒரு கிணற்றின் துண்டைத் திண்ணையில் வைத்த மாதிரி இருக்கிறது.

எல்லாச் செடியையும் தொட்டியில் கொண்டுவரலாம் என்று நான் நினைக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில், கோயிலைத் தாண்டித் தெற்கே நடந்தால், இன்னும் சில இடங்களில் அடும்பு படர்ந்திருக்கிறது. ஆட்டுக்குளம்பு வடிவ இலை, ஊதாப் பூ. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்தோடு சேர்ந்தே வரும் கொடி. அதற்குத் துணையாக ராவணன் மீசைப் புல். இரண்டும் சேர்ந்துதான் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் இந்தக் கரைகளில்தான். இந்த இடத்திலிருந்து இன்னும் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்தருகே வசவசமுத்திரத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் கூம்புச் சாடிகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. சுடுமண் வளையங்களை அடுக்கி இறக்கிய அந்தக் கிணறுகளைப் பற்றிப் படித்தபோது ஆயாவின் குதிர் வளையத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டார்களே என்று தோன்றியது.

அந்தக் கடற்கரையோரம் புதிதாக வீடு கட்டியிருந்த ஒரு அம்மா என்னிடம் அடும்புக்குத் தொட்டி கேட்டார். மாடியிலிருந்து வழிந்து தொங்கும்படி நீளமாக வேண்டும், எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றார்.

“செய்ய முடியும்மா, ஆனா செஞ்சு தர மாட்டேன்” என்றேன். அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே ஓடும் இயல்புள்ளது. ஓட இடம் இல்லாவிட்டால் இரண்டு பருவம்கூடத் தாங்காது. அதைவிட, அவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். அதிலிருந்து ஒரு கை கிள்ளினால் அவர் வாசலுக்குத்தான் நஷ்டம். வீட்டுக்கு முன்னால் சுத்தம் செய்கிறேன் என்று அடும்பை அறுக்காமல் விட்டாலே போதும், மாடியிலிருந்து பார்க்க வேண்டிய பூ கீழேயே கிடைக்கும்.

அவர் முகம் வாடிவிட்டது. உப்புக்காற்றுக்கு அசராத வேறு செடி இருக்கிறது என்று மருளைச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் புதர்க்காடுகளில் தானாக வளர்வது, வாள் போல நிமிர்ந்த இலையில் புலிவரி. அந்தக் காலத்தில் அதன் நாரில் கயிறு திரிப்பார்கள், வில்லுக்கு நாண்கூடக் கட்டினார்களாம். தண்ணீர் கேட்காது, வெயில் பார்க்காது. ஆனால் அதன் கிழங்கு பக்கவாட்டில் முட்டிக்கொண்டே போகும், மெல்லிய தொட்டியைப் பிளந்துவிடும். அதனால் வாய் முழங்கை அகலம், சுவர் இரண்டு விரற்கடைத் தடிமன், மண்ணில் உமி கொஞ்சம் குறைவு, மணல் கொஞ்சம் கூடுதல், கால் ஐந்து. சித்திரையில் சுட்டுக் கொடுத்தேன்.

“அப்படியும் ஒரு நாள் பிளக்கும்மா” என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். “பிளந்ததும் கூப்பிடுங்க. கிழங்கைப் பிரிச்சு ரெண்டா வச்சுத் தரேன். உடைஞ்ச ஓட்டைத் தூக்கிப் போடாதீங்க, இடிச்சுப் பொடியாக்கி அடுத்த தொட்டி மண்ணோட சேர்த்துக்குவேன்.”